வஸ்கமுவவில் காட்டெருமை பார்க்கப் போவோருக்கு

வஸ்கமுவ தேசியப் பூங்காவின் வாசலுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் யானைக்காக வருகிறவர்கள். மிச்சப் பேரில் பெரும்பாலானோர் கரடிக்காக வருகிறார்கள். காட்டெருமை பார்க்க வந்தோம் என்று சொன்னால் ஜீப் சாரதி ஒருமுறை உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அதற்காகத் தயங்க வேண்டாம். இந்தப் பூங்காவில் நின்று நிதானமாகப் பார்க்கத் தக்க விலங்குகளில் அதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். யானைக்குப் பேச ஆள் இருக்கிறது, பணம் திரட்ட அமைப்புகள் இருக்கின்றன. எருமையோ வயலிலும் இருக்கிறது, தயிர்ச் சட்டியிலும் இருக்கிறது. அதனால் காட்டில் நிற்பதும் அதே எருமைதானே என்று எல்லாரும் கடந்து போகிறார்கள். அப்படிக் கடந்து போவதால்தான் அது சத்தமில்லாமல் குறைகிறது.

இந்தத் தீவு ஏற்கெனவே ஒரு பெரிய காட்டு மாட்டை இழந்திருக்கிறது. தமிழ்நாட்டின் முதுமலையிலும் கொடைக்கானல் மலைச்சரிவுகளிலும் இன்றைக்கும் கூட்டமாக மேயும் காட்டுமாடு ஒரு காலத்தில் இலங்கையிலும் இருந்தது. இரத்தினபுரி மணிக்கல் படிவுகளில் அதன் எலும்புகளும் பற்களும் கிடைத்தன. விலங்கியலாளர் பி.இ.பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து விவரித்தார். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், அரசன் வளர்த்த விலங்குகளில் அப்படியொரு மாடும் இருந்ததாக எழுதியிருக்கிறார். அதன் பிறகு அதைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த இனத்தை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து திரும்பவும் வளர்க்க இலங்கை கேட்டிருக்கிறது என்ற செய்தி 2023இல் பத்திரிகைகளில் வந்தது. ஒன்று போய் முந்நூறு ஆண்டுக்குப் பின் அண்டை நாட்டிடம் கேட்டு நிற்கிறோம். மற்றது இன்னும் நம் கண்முன் சேற்றில் புரண்டுகொண்டிருக்கிறது.

இடமும் வழியும்

வஸ்கமுவ மாத்தளை, பொலன்னறுவை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 393 சதுரக் கிலோமீற்றர். கிழக்கே மகாவலி கங்கையும் மேற்கே அம்பன் கங்கையும் இதற்கு எல்லை. நடுவில் சுது கந்த என்ற மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சி 470 மீற்றர். 1938இலேயே இது காப்புக்காடாகிவிட்டது. மகாவலித் திட்டத்துக்காகக் காடுகள் வெட்டப்பட்டுக் குடியேற்றங்கள் வந்தபோது, இடம் இழந்த விலங்குகளுக்கு ஒதுங்க ஓரிடம் வேண்டும் என்று 1984 ஓகஸ்ட் 7இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆகவே இங்கே நீங்கள் பார்க்கும் மந்தைகளில் சிலவற்றின் மூத்த தலைமுறை, இன்றைக்கு நெல் விளையும் வயல்களில் மேய்ந்திருக்கக் கூடும்.

பிரதான வாசல் ஹிம்பிலியாகடவில், வில்கமுவ பிரதேசப் பக்கம் இருக்கிறது. மாத்தளையிலிருந்து வருவோர் ஏ9 வீதியில் நாவுல வரை வந்து, எலஹெர வழியாகத் திரும்பி ஹந்துன்கமுவ வரலாம். கண்டியிலிருந்து வருவோருக்கு மஹியங்கனை வீதியில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற வளைவுகளை இறங்கி, ஹசலக, ஹெட்டிபொல வழியே வருவது வசதி. அந்த வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் நாவுல வழியைத் தேர்வது நல்லது. மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து மஹியங்கனை வந்து சேர்ந்தால் மிச்ச வழி இலகு. யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் தம்புள்ளையில் ஓரிரவு தங்கி அதிகாலையில் புறப்படலாம். ஆனால் ஹெட்டிபொல அல்லது ஹிம்பிலியாகட சுற்றில் ஒரு கிராமத்து விடுதியில் தங்குவதையே நான் சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது.

எப்போது போவது

ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரட்சி. காட்டுக்குள் சிறு நீர்நிலைகள் வற்றிவிடும். மந்தைகள் ஆற்றங்கரைக்கும் நீர் மிஞ்சிய குளங்களுக்கும் ஒதுங்கிவிடும். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. உடற்சூட்டை அது தண்ணீரிலும் சேற்றிலும்தான் தணிக்கவேண்டும். எனவே வரட்சிக் காலத்தில் எருமையைத் தேட வேண்டியதில்லை, தண்ணீரைத் தேடினால் போதும். ஒக்டோபரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் காடு முழுக்கத் தண்ணீர், எங்கும் புல். மந்தைகள் சிதறிப் போகும். சில பாதைகள் சேறாகி மூடப்படும். மழைக்காலத்தில் பறவை பார்க்க வரலாம், எருமைக்கென்று வரவேண்டாம்.

நாளில் இரண்டு பொழுது உகந்தது. வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். அப்போதே உள்ளே போனால் மேய்ச்சலில் இருக்கும் மந்தையைக் காணலாம். பத்து மணிக்கு மேல் அவை நீரில் இறங்கி மூக்கும் கொம்பும் மட்டும் தெரியக் கிடக்கும். பிற்பகல் மூன்றரைக்குப் பின் மீண்டும் எழும். மாலை 6 மணிக்கு நீங்கள் வெளியேறிவிட வேண்டும். அரைநாள் ஜீப்பில் ஒன்றைத்தான் தேரமுடியும் என்றால் பிற்பகலையே தேருங்கள். வயிறு நிறையப் படுத்த மந்தை எழுந்து, சேறு வடிய, வரிசையாகப் புல்வெளிக்கு நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மந்தையின் ஒழுங்கு முழுவதும் தெரிந்துவிடும். முன்னே ஒரு முதிய பசு, நடுவில் வெளிர் பழுப்பு நிறக் கன்றுகள், பக்கவாட்டில் மற்றப் பசுக்கள். முழு வளர்ச்சி பெற்ற காளைகள் பெரும்பாலும் தனித்தோ இரண்டு மூன்றாகவோ திரியும்.

வாசலில்

நுழைவுச் சீட்டு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருமபீடத்தில்தான் வாங்க வேண்டும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் தனித்தனியே சேரும். அடையாள அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். ஜீப்புக்குப் பேசும்போதே நேரத்தையும் தொகையையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், சீட்டுக் கட்டணம் அதில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். பின்னால் முகம் சுழிக்க வேண்டி வராது.

உங்களோடு திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவர் ஏறுவார். ட்ரக்கர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் அந்தச் சுற்றுக் கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர். தூசியில் பதிந்த ஒரு குளம்புத் தடத்தைப் பார்த்து அது இன்று காலையுடையதா நேற்றையதா என்று சொல்லக்கூடியவர். அவருக்கு முன்னிருக்கையைக் கொடுங்கள். தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அரிது, எனவே சில சிங்களச் சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டெருமையைக் குலு ஹரகா என்பார்கள், நம் வன்னியில் குழுமாடு என்பது போல. வீட்டெருமை மீ ஹரகா. யானை அலியா, கரடி வலஹா. நிறுத்துங்கள் என்பதற்கு நவத்தன்ன, மெல்ல என்பதற்கு ஹெமின். "குலு ஹரகா பலன்ன ஆவே" என்று ஏறியவுடன் சொல்லிவிட்டால், எருமை பார்க்க வந்தவர் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதன் பின் அவர் போகச் சொல்லும் பாதையே வேறாக இருக்கும்.

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். தண்ணீரை மீண்டும் நிரப்பக்கூடிய போத்தலில் எடுங்கள். பொலித்தீன் பை வேண்டாம். சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம், மங்கிய நிறம் உடுத்துங்கள். பருத்தித் துணி ஒன்று தலைக்கு.

காட்டெருமையா, வீட்டெருமையா

இந்த அத்தியாயத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பூங்கா எல்லையோரத்தில் காணும் எருமை எல்லாம் காட்டெருமை என்று நினைத்துப் படம் பிடித்துத் திரும்புகிறவர்கள் பலர்.

முதலில் கொம்பைப் பாருங்கள். காட்டுக் காளையின் கொம்பு அடியில் பருத்து, முன்பக்கம் தட்டையாக, குறுக்கு வரிகளோடு இருக்கும். தலையிலிருந்து பக்கவாட்டில் அகலமாக விரிந்து, பின்னோக்கிப் பிறைபோல் வளைந்து, நுனி உள்ளே திரும்பும். முன்னிருந்து பார்த்தால் கொம்பின் அகலம் உடலின் அகலத்தை விட அதிகம். பாலுக்காக இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட முர்ரா, நீலி ராவி இனங்களின் கொம்பு குட்டையாகக் காதருகே சுருண்டிருக்கும். மந்தைக்குள் ஒன்றிரண்டின் கொம்பு அகலமாக விரியாமல் கீழ்நோக்கித் தொங்கினாலோ நுனி சுருண்டாலோ, அங்கே கலப்பு நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது கால். காட்டெருமையின் முழங்காலுக்குக் கீழே அழுக்கு வெள்ளை நிறம் காலுறை போட்டது போல் இருக்கும். தொண்டையடியிலும் மார்பிலும் வெளிறிய பட்டை தெரியும். சேறு பூசியிருந்தால் இவை மறைந்துவிடும் என்பதால், நீரிலிருந்து எழும் வேளையில் பார்ப்பதே நல்லது. முகத்தில் வெள்ளைத் திட்டு, வெளிறிய கண், காது நுனியில் வெட்டு, தொடையில் குறிசுட்ட தழும்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது யாரோ ஒருவரின் பட்டி மாடு. வளர்ந்த காட்டுக் காளை ஆயிரம் கிலோ வரை எடை வரும். தோள் உயர்ந்து, கழுத்து தடித்து, முதுகு வரி நேராக இருக்கும்.

கடைசியாக நடத்தை. ஜீப் வந்து நின்றதும் பட்டி எருமை தலை தூக்கிவிட்டு மறுபடி மேயும். காட்டு மந்தை மேய்ச்சலை விட்டுவிடும். எல்லாத் தலைகளும் ஒரே திசையில் உயர்ந்து, மூக்கு மேலே போய், காது விரிந்து நிற்கும். அது உங்கள் வாசனையைப் பிடிக்கும் நேரம்.

கலப்பு ஏன் இவ்வளவு பெரிய விடயம்

உலகம் முழுவதும் காட்டெருமையின் எண்ணிக்கை 4,000க்குக் குறைவு என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் மதிப்பிட்டு, அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அதை வகைப்படுத்தியிருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி அசாமில், காசிரங்கா போன்ற இடங்களில். இலங்கையின் காட்டெருமையை 1950களில் தெரணியகல தனி உபஇனமாகவே விவரித்தார். ஆனால் இங்கே நிற்பவை தொன்றுதொட்டு வந்த காட்டு வழித்தோன்றல்களா, பழங்காலத்தில் பட்டியிலிருந்து காட்டுக்குப் போனவற்றின் வாரிசுகளா, இரண்டும் கலந்தவையா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இது வெறும் ஏட்டுச் சர்ச்சை என்று ஒதுக்க முடியாது. தூய இனம் இல்லை என்ற ஒரு வாதமே அவற்றைக் கைவிடச் சாட்டாகிவிடுகிறது. என் நிலைப்பாடு வேறு: தலைமுறை தலைமுறையாக முதலைக்கும் சிறுத்தைக்கும் வரட்சிக்கும் ஈடுகொடுத்து வாழ்ந்த மந்தை அது, காட்டில் அது செய்யும் வேலையைச் செய்ய வேறு விலங்கு இல்லை. உயர்ந்த புல்லை அது கடித்துக் குட்டையாக்கினால் புள்ளிமான் பின்னால் வந்து மேய்கிறது. அது புரண்டு குழித்த சேற்றுக்குட்டையில் கடைசித் தண்ணீர் தங்கி, தவளையும் சிறு மீனும் வரட்சியைக் கடக்கின்றன. உண்ணிக்கொக்கு அதன் முதுகை நம்பி வாழ்கிறது.

கலப்பு எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். முன்பு நம் வயல்களில் உழவுக்கும் சேறு மிதிக்கவும் சூடு மிதிக்கவும் எருமை கட்டாயம் வேண்டியிருந்தது. உழவு இயந்திரம் வந்த பின் அந்த வேலை போய்விட்டது. பாலுக்கும் இறைச்சிக்கும் மட்டும் பட்டி மிஞ்சியது. இன்னொரு பக்கம், மேய்ச்சல் தரைகள் குடியேற்றங்களாகவும் நீர்த்தேக்கங்களாகவும் மாறின. மாத்தளை மாவட்டத்திலேயே மொரகஹகந்த 2017இலும் களு கங்கை நீர்த்தேக்கம் 2018இலும் நிரம்பத் தொடங்கின. நீர் தேவைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மாடு மேய்க்க இடம் இல்லாதவர் வேறென்ன செய்வார்? காட்டோரத்தில் விடுகிறார். இரவில் காட்டுக் காளை வந்து பட்டிப் பசுவோடு சேர்கிறது. பட்டிக்காரருக்கு அதில் மறுப்பில்லை, கன்று பெரிதாக வரும். பட்டிக் காளை உள்ளே போய்க் காட்டுப் பசுவோடு சேரும்போதுதான் சேதம். கூடவே கால்வாய் நோயும் தொண்டை அடைப்பானும் எல்லை தாண்டும். ஒரு துப்பாக்கிச் சத்தமும் கேட்காது, ஒரு பிணமும் கிடக்காது. சில தலைமுறையில் கொம்பு குறுகிவிடும்.

ஐரோப்பாவின் காட்டெருது 1927இல் காட்டில் ஒன்று கூட இல்லாமல் போய், விலங்குக் காட்சிச்சாலைகளில் மிஞ்சிய 12 விலங்குகளின் வழித்தோன்றல்களைக் கொண்டு 1952இல் மீண்டும் போலந்துக் காட்டில் விடப்பட்டது. வட அமெரிக்காவில் சில நூறாகக் குறுகிய பைசன் மீண்டும் பெருகினாலும், பண்ணையாளர் மாட்டோடு கலந்ததன் தடம் அதன் மரபணுவில் இன்றும் தெரிகிறது. நமக்கு இன்னும் அருகில் நேபாளம். அங்கே கோசி தப்புவில் நூறுக்கும் குறைவாக எஞ்சியிருந்த காட்டெருமைகளுக்காக 1976இல் காப்பகம் அமைத்தார்கள். எண்ணிக்கை 400ஐத் தாண்டியது. ஒரே இடத்தில் எல்லாம் இருந்தால் ஒரே வெள்ளத்தில், ஒரே நோயில் போய்விடும் என்று சிலவற்றைச் சித்வனுக்கும் கொண்டுபோனார்கள். அங்கேயும் பட்டி எருமை உள்ளே வருவதுதான் தீராத தலைவலி. இலங்கையில் செய்ய வேண்டியதும் கடினமான அறிவியல் இல்லை. எல்லைக் கிராமங்களுக்கு மேய்ச்சல் தரை ஒதுக்குவது, பட்டி மாடுகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போடுவது, பட்டிக் காளைகள் பூங்காவுக்குள் போகாமல் பார்ப்பது. மூன்றுக்கும் பட்டிக்காரரின் ஒத்துழைப்பு வேண்டும். அவரைத் திருடன் போல நடத்தினால் அது கிடைக்காது.

அருகில் போகும்போது

யானை பல தடவை எச்சரித்துவிட்டுத்தான் வரும். தனிக் காளை எருமை அவ்வளவு அவகாசம் தராது. தலையை உயர்த்தி உங்களையே வெறித்துப் பார்ப்பது முதல் அடையாளம். பலத்த மூச்சுச் சீறல் இரண்டாவது. முன்காலால் மண்ணைக் கிளறினால் ஜீப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். புதிய காயமுள்ள காளையிடமும், கன்று ஈன்ற பசுவிடமும் இன்னும் விலகி நில்லுங்கள்.

வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது, ஆற்றங்கரையில் அனுமதித்த இடம் தவிர. அங்கும் மகாவலியில் முதலை உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்றை விதிப்பலகையில் காணமாட்டீர்கள்: மந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஜீப்பை நிறுத்த விடாதீர்கள். நல்ல படம் கிடைக்கும் என்று சாரதியே ஆர்வமாக அங்கே கொண்டுபோவார். நண்பகல் வெய்யிலில் நீருக்கு வந்த மந்தை, வழி மறிபட்டதும் காட்டுக்குள் திரும்பிவிடும். கன்றுகள் தாகத்தோடு திரும்பும். "அண்ணே, பின்னுக்கு எடுங்க, அது தண்ணி குடிக்கட்டும்" என்று சொல்ல வேண்டியவர் காசு கொடுத்த நீங்கள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். எஞ்சினை நிறுத்தி, காற்று உங்கள் முகத்தில் படும் பக்கமாக நின்றால், அரைமணி நேரத்தில் மந்தை உங்களைப் பொருட்படுத்தாமல் பழகிவிடும். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

பார்த்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்: இடம், நேரம், எத்தனை பெரியது, எத்தனை கன்று, கொம்பு எப்படி. பட்டி மாட்டின் குறியோ காது வெட்டோ கண்டிருந்தால், நொண்டும் விலங்கோ கழுத்தில் கம்பிச் சுருக்கோ கண்டிருந்தால், படத்தோடு வாசலில் உள்ள அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். கட்டுத்துப்பாக்கியும் சுருக்கும் மான், பன்றிக்கென்று வைப்பவை, ஆனால் அதில் யார் காலை விடுவது என்பது வைத்தவர் கையில் இல்லை.

கிராமத்தில் தங்குவது ஏன்

இந்தச் சுற்றில் காட்டு விலங்கோடு வாழ்வது எளிதல்ல. நெல் பால் பிடிக்கும் காலத்தில் மரப் பரணில் இரவெல்லாம் விழித்திருப்பார்கள், யானை வெடி போடுவார்கள். ரவி கோரயா 1995இல் தொடங்கிய இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் வஸ்கமுவவைச் சுற்றி நெடுங்காலமாக வேலை செய்கிறது. யானை விரும்பாத தோடை மரங்களை வீட்டுத் தோட்டங்களைச் சுற்றி நடுவது அவர்களுடைய திட்டம். பழம் விற்று வருமானமும் வருகிறது, யானையும் ஒதுங்குகிறது. யானைகள் கடக்கும் வழியில் பள்ளிப் பிள்ளைகளும் விவசாயிகளும் நடந்து போகாமலிருக்க ஒரு பஸ்ஸும் ஓட்டினார்கள். இது யானைக்கென்று தொடங்கியது என்றாலும், விலங்கால் ஒரு குடும்பத்துக்கு வரவு உண்டு என்று ஆகிவிட்டால் அதன் பயன் எருமைக்கும் கிடைக்கிறது.

அதனால்தான் தம்புள்ளையின் பெரிய ஹோட்டலில் தங்கி விடியலில் வந்து போவதை விட, இங்கே ஒரு வீட்டு விடுதியில் தங்கச் சொல்கிறேன். சோறு இங்கே சாப்பிடுங்கள். சட்டித் தயிரும் கித்துள் பாணியும் வாங்குங்கள். வாங்கும்போது பட்டி எங்கே மேய்கிறது, தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் வந்தால் பட்டிக்காரருக்கும் அது ஒரு கணக்காகும். திணைக்களத்தின் விடுதிகளும் முகாம் இடங்களும் பூங்காவுக்குள் உண்டு, முன்கூட்டியே பதிய வேண்டும். அங்கே சமையற்பொருளை நீங்களே கொண்டு போக வேண்டும், விடுமுறைக் காலத்தில் இடம் கிடைப்பது கடினம்.

பூங்காவிலிருந்து வெளியேறிய பின் இருட்டில் ஹெட்டிபொலப் பக்கமோ எலஹெரப் பக்கமோ நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம். யானை வீதியில் நிற்கும், எருமையும் கரிய தார் வீதியில் கரிய உடம்போடு படுத்துக் கிடக்கும். முன்விளக்கில் அதன் கண் மட்டும் பளிச்சிடும், அதுவும் தலை திருப்பினால்தான். மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகாதீர்கள். எதிரே கண்டால் ஹோர்ன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி நிறுத்துங்கள், அதுவாக எழுந்து போகும் வரை.